கணைய ஆபரேஷனுக்குப் பிறகு: வீட்டுக்குப் போனதும் வரும் கேள்விகள்

கணையத்தில் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்கும் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் யாரும் அதிகம் கேட்பதில்லை, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் போன் வர ஆரம்பிக்கும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

விப்பிள் ஆபரேஷன் என்றார்கள். உள்ளே என்னதான் எடுத்திருக்கிறார்கள்?

கணையத்தின் தலைப்பகுதி, அதை ஒட்டி வளைந்து போகும் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை எடுத்திருப்பார்கள். சிலருக்கு இரைப்பையிலும் ஒரு பகுதி போயிருக்கும். அதன் பிறகு மிச்சமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு இணைத்துத் தைத்திருப்பார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-ல் இந்த முறையை வெளியிட்டார், அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கணையத்தின் வால்பகுதியில் கட்டி இருந்தால் வாலை மட்டும் எடுப்பார்கள், பெரும்பாலும் மண்ணீரலும் சேர்ந்து போகும். முழுக் கணையத்தையும் எடுப்பது அரிது. இந்த மூன்றில் உங்களுக்கு நடந்தது எது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் அதைப் பொறுத்தே மாறும்.

எனக்குக் கட்டி இல்லை, கணையத்தில் கல். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்றுவலியும் சர்க்கரை நோயும் வருவது நீண்ட நாளாகவே தெரிந்த விஷயம். இவர்களுக்குக் கணையக் குழாயைத் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு இணைக்கும் ஆபரேஷனைச் செய்வார்கள். வலி நன்றாகக் குறையும். ஆனால் பல வருடமாகக் கெட்டுப்போன கணையம் அதனால் புதிதாகச் சுரக்க ஆரம்பித்துவிடாது. உணவைச் செரிக்க வைக்கும் என்சைம் கேப்ஸ்யூலும் சுகர் மருந்தும் தொடர வேண்டியிருக்கும். வலி போய்விட்டது என்று கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து நிற்பவர்கள் இந்த வகையில்தான் அதிகம்.

பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்?

ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டு வாரம். வீட்டில் முதல் மாதம் சிரமமாகத்தான் இருக்கும். குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றும், மத்தியானம் தூக்கம் அசத்தும். உலகம் முழுவதும் இந்த நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து வாழ்க்கைத்தரத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். பொதுவாகத் தெரிவது இதுதான்: ஆபரேஷன் முடிந்த வாரங்களில் எல்லாமே கீழே இறங்குகிறது, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானவர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். ஜீரணக் கோளாறும் களைப்பும்தான் மெதுவாகப் போகும். இரண்டாவது வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து, இனி இப்படியேதான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்கிறது. ஏதாவது கோளாறா?

இரைப்பை சிறிதாகியிருக்கலாம், அல்லது உணவைக் கீழே தள்ளும் வேகம் குறைந்திருக்கலாம். முதல் வாரங்களில் இது சகஜம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். தட்டை நிறைத்து வைத்தால் பார்த்ததுமே மலைப்பாக இருக்கும், சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். சாப்பிடும்போது தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பாமல், அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது.

ஒன்றுமே நிற்காமல் தொடர்ந்து வாந்தி வந்தால் அது வேறு கதை. டாக்டரிடம் போக வேண்டும்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் எடை இறங்கிக்கொண்டே போகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

சாப்பிடுவது வேறு, உடம்பில் சேருவது வேறு. கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் என்சைம்கள் கணையத்திலிருந்துதான் வர வேண்டும். கணையத்தின் ஒரு பகுதி போய்விட்டது. மிச்சம் சுரப்பதும் சரியான நேரத்தில் உணவோடு வந்து கலப்பதில்லை. எனவே சாப்பிட்ட எண்ணெய் அப்படியே வெளியே போகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கழிவறையிலேயே பார்த்துவிடலாம். மலம் வெளிறி, பருத்து, மிதக்கும். மேலே எண்ணெய்ப் படலம் தெரியும். நாற்றம் வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு போகாது. வயிறு உப்புசமும் கடமுடாவும் இருக்கும். டாக்டர் கேட்டால், கூச்சப்பட்டுக்கொண்டு "மோஷன் எல்லாம் சரியாகத்தான் போகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். வயதான அம்மாக்கள்தான் இதில் ரொம்ப மோசம், மகனிடம்கூடச் சொல்வதில்லை. தயவுசெய்து நீங்களாகவே கேளுங்கள். கணைய என்சைம் போதுமான அளவு வருகிறதா என்று மலத்தை வைத்துப் பார்க்க எலாஸ்டேஸ் என்று ஒரு பரிசோதனை உண்டு. ஆனால் கணையத்தின் தலையை எடுத்தவர்களுக்கு இந்த அறிகுறிகளை வைத்தே பல டாக்டர்கள் கேப்ஸ்யூலைத் தொடங்கிவிடுவார்கள்.

"ஆபரேஷன் ஆனால் உடம்பு அப்படித்தான் இளைக்கும்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. முதல் சில வாரம் இளைப்பது இயல்பு. மூன்றாவது மாதத்திலும் இளைத்துக்கொண்டே போனால் அதற்குக் காரணம் இருக்கிறது, பெரும்பாலும் அதைச் சரிசெய்யவும் முடியும்.

என்சைம் கேப்ஸ்யூலைத்தான் தினமும் போடுகிறாரே, அப்புறமும் ஏன் இப்படி?

எப்படிப் போடுகிறார் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது, "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்டு முடித்த பிறகு." அப்படிப் போட்டால் மருந்தின் பலன் குறைந்துவிடும்.

கிரியான் போன்ற இந்தக் கேப்ஸ்யூல்கள் உணவோடு சேர்ந்தே இரைப்பையிலிருந்து கீழே இறங்க வேண்டும். முதல் வாய் சாப்பிடும்போது போடுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கேப்ஸ்யூல் என்றால், ஆரம்பத்தில் பாதியும் நடுவில் மீதியுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக் கை கழுவும் வரை தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது அளவு. பட்டையில் 10,000 என்றோ 25,000 என்றோ போட்டிருக்கும், அது கொழுப்பை உடைக்கும் லைப்பேஸின் யூனிட் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்று தொடங்கி, போதவில்லை என்றால் கூட்டுவதுதான் வழக்கம். அப்படிப் பார்த்தால் 10,000 கேப்ஸ்யூல் ஒன்றை வைத்துக்கொண்டு மீன் குழம்புச் சோற்றைச் சமாளிக்க முடியாது. உங்கள் சீட்டில் எத்தனை எழுதியிருக்கிறது, கடைக்காரர் கொடுத்தது எத்தனை யூனிட் என்று ஒருமுறை சரிபாருங்கள். 25,000 இல்லை என்று 10,000 பட்டையைக் கொடுத்து, எண்ணிக்கையை மாற்றிச் சொல்லாமல் விடுவது நடக்கிறது.

மூன்றாவது, எதற்கெல்லாம் போடுவது என்பது. பழம், இளநீர், கடுங்காப்பி ஆகியவற்றுக்குத் தேவையில்லை. ஒரு டம்ளர் பால், ஹார்லிக்ஸ், வடை, பிஸ்கட், கடலை என்றால் வேண்டும். சாயங்காலம் இரண்டு பஜ்ஜியும் பால் டீயும் சாப்பிட்டுவிட்டு, "அது சாப்பாடு இல்லையே" என்று விட்டுவிடுகிறோம். எண்ணெயெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கல்யாணப் பந்திக்குப் போகிறவர் வழக்கமான அளவைவிடக் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். கேப்ஸ்யூலைக் கடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மணிகள் வாயில் புண்ணை உண்டாக்கும். சூடான காபியோடு விழுங்கக் கூடாது. விழுங்க முடியாதவர்கள் பிரித்து, ஆப்பிள் மசியல் போல லேசான புளிப்புள்ள ஒன்றில் மணிகளைக் கலந்து மெல்லாமல் விழுங்கலாம். வெப்பம் இந்த மருந்தைக் கெடுத்துவிடும். அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரியும், சித்திரை வெயிலில் நிற்கும் காரும் இதை வைக்கும் இடமல்ல.

இத்தனையும் செய்தும் எண்ணெய் மலம் நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், அல்லது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ப்பார்கள், அல்லது குடலில் கிருமி பெருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வழி இருக்கிறது.

அது பன்றியிலிருந்து எடுப்பது என்கிறார்களே?

ஆமாம், பன்றியின் கணையத்திலிருந்துதான். இதே வேலையை இதே அளவு செய்யக்கூடிய தாவர மருந்து இன்று இல்லை. இதைச் சொல்லாமல் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை, தெரிந்து முடிவெடுக்க வேண்டியவர் நோயாளிதான். சுத்த சைவக் குடும்பங்களிலும் இஸ்லாமியக் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி வரும். வேறு வழியில்லாத மருந்து என்ற நிலையில் அனுமதி உண்டு என்றே பல மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மனம் ஒப்பாமல், யாருக்கும் சொல்லாமல் மருந்தைத் தூக்கிப் போடுவதுதான் ஆபத்து.

என்ன பத்தியம் இருக்க வேண்டும்?

மாமியார் ஒன்று சொல்வார், எதிர்வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். எண்ணெய் ஆகாது, முட்டை சூடு, மீனும் கத்தரிக்காயும் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும், தயிர் சளி. கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது அரிசிக் கஞ்சியும் இட்லியும் ரசமும். அன்பால் செய்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் தையல் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், எடை ஏறுவதற்குக் கொழுப்பு வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டு உடம்பு தேறவில்லையே என்று வருந்துகிறோம்.

குடலைச் சோதித்து, திட உணவு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கேப்ஸ்யூலோடு எல்லாம் சாப்பிடலாம். முட்டை, மீன், கோழி, பருப்பு, பன்னீர், தயிர் எல்லாம் நல்லவை. கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதிலேயே பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்கள். இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் வைக்கலாம். பால் குடித்தால் வயிறு கலங்குபவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

ஒன்றில் மட்டும் நான் குறைக்கச் சொல்வேன், அது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுகர் வந்துவிட்டது என்று கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தட்டு நிறையக் கீரை என்று தொடங்கிவிடுகிறார்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும் முதல் மாதங்களில் அதிக நார்ச்சத்து வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும், என்சைமின் வேலைக்கும் இடைஞ்சல். அவை நல்ல உணவுதான், இப்போதைக்கு அளவாக இருக்கட்டும்.

ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும். விப்பிள் ஆனவர்களுக்கு, இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலையும் எடுத்தாகிவிட்டது. அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியையும் அளந்துகொள்வது நல்லது.

ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. எண்ணெயை நிறுத்தட்டுமா?

அவசரப்படாதீர்கள். குண்டானவர்களுக்கு வரும் கொழுப்புக் கல்லீரல் வேறு. கணையம் எடுத்தபின் மெலிந்துகொண்டே போகும் ஒருவருக்கு, சத்து சேராததாலேயே கல்லீரலில் கொழுப்பு படியும். அவருக்கு எண்ணெயை நிறுத்தினால் நிலைமை மோசமாகும், என்சைமைச் சரிசெய்தால் குறைய வாய்ப்புண்டு. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள்.

சர்க்கரை நோய் கட்டாயம் வருமா?

பாதியளவு எடுத்தவர்களில் எல்லாருக்கும் வராது. ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சில வருடம் கழித்தும் வரலாம் என்பதால் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுக் கணையத்தையும் எடுத்தவர்களுக்கு அன்றிலிருந்தே இன்சுலின்தான், ஆயுள் முழுக்க.

இந்தச் சுகர் பக்கத்து வீட்டுக்காரரின் சுகர் போன்றதல்ல. கணையம் இன்சுலினை மட்டும் சுரப்பதில்லை, சர்க்கரை தாழ்ந்தால் தூக்கிவிடும் குளூக்ககானையும் அதுதான் சுரக்கிறது. அதுவும் குறைந்துவிட்டதால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சஷ்டி, ஏகாதசி, நோன்பு எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி வேண்டாம்.

என்சைமைச் சரியான அளவில் தொடங்கியதும் சுகர் கொஞ்சம் ஏறும். சாப்பாடு இப்போதுதான் உடம்பில் சேருகிறது என்று அர்த்தம். சுகர் மருந்தை மாற்றிக்கொள்ளலாம், என்சைமை நிறுத்தாதீர்கள்.

மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள். அதனால் என்ன?

சில வகைக் கிருமிகளிடம் உடம்பு பலவீனமாகிவிடும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட வேண்டும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போடுவது சிறப்பு, முடியாவிட்டால் இரண்டு வாரம் கழித்து. போட்டார்களா என்று கேளுங்கள், சம்மரியில் இல்லையென்றால் விட்டுப்போயிருக்கலாம். இனிமேல் குளிர்க்காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

முதுகுவலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா?

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம். இரைப்பையும் குடலும் இணைந்த தையலில் புண் வரும், புகைபிடித்தால் இன்னும் சீக்கிரம் வரும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அது ரத்தம்.

மதுவை அளவாக?

வேண்டாம். சுருட்டும் பீடியும் புகையிலையும் அப்படியே.

வேலை, வண்டி, தாம்பத்தியம்?

நடப்பதை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்க வேண்டாம், தையல் விட்டுக் குடலிறக்கம் வரும். வலியில்லாமல் சடாரென்று பிரேக் அழுத்த முடிந்தால் வண்டி ஓட்டலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று மாதத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். வயல்வேலை, கட்டட வேலை செய்பவர்களுக்கு இன்னும் நாளாகும். அந்த இடைவெளியில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவைப்பது நல்லது.

தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. வயிற்றுத் தழும்பும் களைப்பும் பயமும்தான் தடுக்கும். அவசரமில்லை என்று இருவரும் பேசிக்கொண்டால் போதும்.

கட்டி திரும்ப வந்துவிடுமோ என்று அப்பா தூங்குவதே இல்லை.

முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கணையக் குழாய்ப் புற்றுநோய், பித்தநாள வாயில் வரும் ஆம்புல்லா கட்டி, ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோ எண்டோக்ரைன் கட்டி, நீர்க்கட்டி என்று நான்கும் நான்கு தினுசு, நான்குக்கும் எதிர்காலம் வேறு. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது நியூரோ எண்டோக்ரைன் கட்டி. அவர் கதையைப் படித்துவிட்டு உங்கள் அப்பாவுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கணையக் குழாய்ப் புற்றுநோய் என்றால் ஆபரேஷனோடு முடிவதில்லை, பெரும்பாலும் ஆறு மாதம் கீமோ உண்டு. அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். மேலே சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதியதற்கு அதுவும் காரணம். எடை தேறாததால் கீமோ தள்ளிப்போவதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. இது திரும்ப வரக்கூடிய நோய், அதை மறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்குக் கணையத்தில் சிறிய கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடித்து, 2009 பிப்ரவரியில் எடுத்தார்கள். அதே மாதத்தில் நீதிமன்றத்தில் வந்து அமர்ந்தார். பின்னாளில் புற்றுநோய் திரும்பியது. 2020-ல் இறக்கும்வரை பதவியில்தான் இருந்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனாலும் கட்டி என்றதுமே எல்லாம் முடிந்தது என்று பேசுபவர்களிடம் இதைச் சொல்லலாம்.

ஸ்கேன் தேதி நெருங்கும்போது தூக்கம் போவது எல்லாருக்கும் நடக்கிறது. வாரக்கணக்கில் பேசாமல், சாப்பிடாமல், எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்பாவிடம் நோயின் பெயரையே மறைத்து வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்தேயிருக்கும், பேசத்தான் ஆளில்லை.

செலவை எப்படிச் சமாளிப்பது?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்யும் இடத்தில் செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே குடல் இரைப்பை அறுவைத் துறை இருக்கிறது. பெரிய சுமை பிறகு மாதாமாதம் வரும் கேப்ஸ்யூல் செலவுதான். பணத்துக்காக எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், நீங்கள் குறைத்துக்கொண்டே போவீர்கள், இருவருக்கும் ஒன்றும் விளங்காது. விலை குறைந்த வேறு கம்பெனி மருந்து எது, அரசு மருத்துவமனை மருந்தகத்தில் கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது: பித்தநாள இணைப்பு அடைபட்டுக் கிருமி தொற்றியிருக்கலாம், வருடங்கள் கழித்தும் இது வரும். ரத்த வாந்தி, கறுப்பு மலம். வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்த டிரெயின் குழாயோடு வீட்டுக்கு வந்தவருக்கு அதில் திடீரென்று ரத்தம் தெரிந்தால், கொஞ்சம்தான் என்று நினைக்க வேண்டாம், நின்றுவிட்டாலும் போக வேண்டும். வயிறு கல் மாதிரி இறுகி வலிப்பது, தண்ணீர்கூட நிற்காத வாந்தி. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள். வேறு ஆஸ்பத்திரியின் இரவு டாக்டருக்கு உள்ளே எதை எதோடு இணைத்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால்தான் தெரியும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும்.